கேன்சருக்கு ஜீன் காரணமில்லை என்றவரின் கோழியிலிருந்தே கிடைத்த கேன்சர் ஜீன்! யார் இந்த பெய்ட்டன் ரௌஸ்?

1966 டிசம்பர், ஸ்டாக்ஹோம். மருத்துவ நோபல் வாங்க வந்திருந்தவருக்கு வயது 87. பெயர் பெய்ட்டன் ரௌஸ். அமெரிக்கர். எந்தக் கண்டுபிடிப்புக்காகப் பரிசு என்று பார்த்தால், அது வெளியான வருஷம் 1911. அதாவது 55 வருஷம் கழித்துக் கிடைத்த நோபல். இதைவிட அதிக வயதில் மருத்துவ நோபல் வாங்கியவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பரிசு வாங்குபவர்கள் அங்கே ஓர் உரை நிகழ்த்துவது வழக்கம். அந்த உரையில் ரௌஸ் ஒரு விஷயத்தை அடித்துச் சொன்னார். உடம்பிலுள்ள செல்களின் மரபணுக்கள் மாறிப்போவதால்தான் புற்றுநோய் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கையில் இருக்கும் தகவல்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அதற்கு வாய்ப்பே இல்லை. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இன்று மருத்துவக் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பது இதற்கு நேர் எதிர். செல்லின் டி.என்.ஏ-வில் எழுத்துப் பிழைகள் சேரச் சேர, அது கட்டுப்பாடு இல்லாமல் பெருக ஆரம்பிக்கிறது. இந்தப் பிழையைத்தான் மியூட்டேஷன், அதாவது மரபணுப் பிறழ்வு என்கிறோம். நுரையீரல் புற்றுநோய் என்றால், ஈ.ஜி.எஃப்.ஆர் போன்ற மரபணுக்களில் பிறழ்வு இருக்கிறதா என்று டெஸ்ட் எடுத்துப் பார்க்கிறார்கள். எந்த மாத்திரை வேலை செய்யும் என்பதையே அந்த ரிப்போர்ட் முடிவு செய்யலாம்.

அப்போ ரௌஸ் தப்பு பண்ணிட்டார், அவ்ளோதானே? அங்கேதான் சிக்கல். முதல் கேன்சர் ஜீனைப் பிடிக்க விஞ்ஞானிகளுக்குத் தூண்டிலாக இருந்ததே ரௌஸ் கண்டுபிடித்த வைரஸ்தான்.

விரலில் ஒரு கீறல்

ரௌஸ் பிறந்தது 1879 அக்டோபர் 5, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில். 11 வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மாவின் சொந்தபந்தங்கள் எல்லாம் டெக்சாஸில். ஆனாலும் மூன்று பிள்ளைகளின் படிப்புக்காக அவர் பால்டிமோரிலேயே இருந்துவிட்டார். படிக்கும் காலத்தில் ரௌஸுக்குக் காட்டுப் பூக்கள் மீது பைத்தியம். மாதம் ஒரு பூ என்று உள்ளூர் நாளிதழில் எழுதிக்கொண்டிருந்தார். (ஆமாம், நம்ம தொழில்தான்.)

ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம் படிக்கும்போது, காசநோயில் இறந்த ஒருவரின் பிரேதப் பரிசோதனையில் எலும்பு குத்தி விரல் கிழிந்தது. அந்தக் கீறல் வழியாகக் காசநோய் அவருக்கே தொற்றியது. அப்போது அதற்கு மருந்து கிடையாது. அக்குளில் நெறிகட்டிய சுரப்பிகளை வெட்டி எடுத்துவிட்டு, எங்கேயாவது போய் உடம்பைத் தேற்றிக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் போனது டெக்சாஸில் உறவினர் ஒருவரின் பண்ணைக்கு. கிட்டத்தட்ட ஒரு வருஷம் குதிரையேறி மாடு மேய்த்தார். அப்புறம் திரும்பி வந்து 1905-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

கொஞ்ச நாளிலேயே, நோயாளிகளைப் பார்க்கும் வேலை தனக்கு ஒத்துவராது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மிச்சிகனில் நோயியல் சொல்லிக்கொடுத்தார். 1909-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்துக்கு வந்தார். அதன் தலைவர் சைமன் ஃப்ளெக்ஸ்னர் அவரிடம் ஒப்படைத்தது கேன்சர் ஆய்வை. அன்றைக்கு அந்தத் துறையில் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும் என்பது பலரின் எண்ணம்.

ஒரு கோழி வந்தது

அதே 1909-ல் கோழி வளர்ப்பவர் ஒருவரிடமிருந்து ரௌஸின் கைக்கு ஒரு பெட்டைக்கோழி வந்தது. பிளைமவுத் ராக் இனம், கறுப்பு வெள்ளை வரி போட்டது. மார்பில் பெரிய கட்டி. தசை, இணைப்புத் திசு போன்ற பகுதிகளில் வரும் இந்த வகைப் புற்றுக்கு சார்கோமா என்று பெயர்.

கட்டியில் ஒரு துண்டை வெட்டி, அதே வளர்ப்பிலிருந்து வந்த மற்ற கோழிகளின் உடலில் வைத்தார். சிலவற்றில் கட்டி வளர்ந்தது. இதுவரை பெரிய ஆச்சரியம் இல்லை. உயிருள்ள கேன்சர் செல்லை எடுத்து நட்டால் அது வளரத்தானே செய்யும்? எலிகளில் ஏற்கெனவே இப்படிச் செய்து பார்த்திருந்தார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். கட்டியை மணலோடு சேர்த்து அரைத்தார். உப்புக் கரைசலில் கலந்தார். இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றிக் கசடைப் பிரித்தார். மிச்சமிருந்த நீரை பெர்க்ஃபெல்ட் ஃபில்டரில் வடிகட்டினார். இதன் துளைகள் வழியாக பாக்டீரியாகூட நுழையாது. கோழி செல் நுழைய வாய்ப்பே இல்லை. அப்படி வடிந்த தெளிந்த நீரை ஆரோக்கியமான கோழிகளுக்கு ஊசி போட்டார்.

அவற்றுக்கும் கட்டி வந்தது.

செல்லே இல்லாத நீரிலிருந்து கேன்சர். அப்படியென்றால் ஃபில்டரைத் தாண்டிப் போகுமளவு சின்னதாக ஏதோ ஒன்று நோயைக் கொண்டுபோகிறது. 1911-ல் வெளிவந்த கட்டுரையில் அதை வைரஸ் என்று ரௌஸ் அடித்துப் பேசவில்லை. மிக நுண்ணிய உயிரியாக இருக்கலாம், ரசாயனமாகவும் இருக்கலாம் என்று இரண்டுக்கும் இடம் விட்டே எழுதினார். இன்று நாம் அதை ரௌஸ் சார்கோமா வைரஸ் என்கிறோம்.

யாரும் நம்பவில்லை

சொன்னவுடன் கைதட்டு கிடைக்கவில்லை. கேன்சர் ஒட்டுவாரொட்டி நோய் இல்லை என்பது அன்றைய டாக்டர்களுக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். கேன்சர் நோயாளியின் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ நர்ஸுக்கோ அது தொற்றுவதில்லை. அப்புறம் எப்படிக் கிருமி காரணமாக இருக்க முடியும்? சிலர், ஃபில்டரில் ஓட்டை இருந்து செல் தப்பிப் போயிருக்கும் என்றார்கள். சிலர், இது கேன்சரே இல்லை என்றார்கள். இன்னும் சிலர், கோழிக்கு வந்தால் வரட்டும், மனிதனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டார்கள்.

ரௌஸ் முதல் ஆளும் இல்லை. 1908-ல் டென்மார்க்கில் எல்லர்மன், பாங் என்ற இரண்டு பேர் கோழிகளின் ரத்தப் புற்றை இதேபோல வடிகட்டிய நீர் மூலம் கடத்திக் காட்டியிருந்தார்கள். ரத்தப் புற்றும் கேன்சர்தான் என்று அப்போது யாரும் எண்ணாததால் அதையும் கண்டுகொள்ளவில்லை.

ரௌஸுக்கும் ஒரு பிரச்சினை இருந்தது. கோழிகளில் வேறு சில கட்டிகளிலும் இதேபோலக் காட்டிவிட்டார். ஆனால் எலிக் கட்டிகளில் எவ்வளவு முயன்றும் முடியவில்லை. கிட்டத்தட்ட 1915-ல் கேன்சர் ஆய்வையே மூட்டைகட்டி வைத்துவிட்டார். அப்போது அவருக்கு 36 வயதுதான்.

நடுவில் ஒரு ரத்த வங்கி

இந்தப் பகுதியைச் சொல்லாமல் போனால் பாவம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ரத்தம் ஏற்றுவது என்றால், கொடுப்பவரும் வாங்குபவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். எடுத்து வைத்தால் உறைந்துவிடும், கெட்டுவிடும். ரௌஸும் ஜே.ஆர்.டர்னரும் சேர்ந்து சிட்ரேட்டும் குளுக்கோஸும் கலந்த கரைசல் ஒன்றை உருவாக்கினார்கள். குளிர்ச்சியில் வைத்தால் ரத்த சிவப்பணுக்கள் அதில் வாரக்கணக்கில் தாங்கின.

ரௌஸின் லேபில் வேலை பார்த்த ஆஸ்வால்ட் ராபர்ட்சன் 1917-ல் ராணுவ டாக்டராகப் போர்முனைக்குப் போனார். முன்கூட்டியே சேகரித்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் காயம்பட்ட வீரர்களுக்கு ஏற்றினார். ரத்த வங்கியின் தொடக்கம் என்று வரலாறு சொல்வது இதைத்தான். இதற்கே ஒரு நோபல் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

அதன்பிறகு கல்லீரல், பித்தப்பை என்று அவருடைய ஆய்வு வேறு பக்கம் போனது. கேன்சர் பக்கம் திரும்ப கிட்டத்தட்ட 20 வருஷம் ஆனது.

முயற்கொம்பு கிடைத்தது

இல்லாத ஒன்றைச் சொல்ல நாம் முயற்கொம்பு என்போம். அமெரிக்காவின் நடுப்பகுதியில் நிஜமாகவே கொம்பு வைத்த முயல்களை வேட்டைக்காரர்கள் பார்த்திருந்தார்கள். தலையில், கழுத்தில் கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான மருக்கள். ராக்ஃபெல்லர் நிறுவனத்திலேயே வேலை பார்த்த ரிச்சர்ட் ஷோப், 1933-ல் இதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்று கண்டுபிடித்தார். இதை இன்னும் ஆழமாகப் பார்க்கச் சொல்லி நண்பர் ரௌஸிடம் கொடுத்தார்.

ரௌஸ் அதைப் பிடித்துக்கொண்டார். மரு மருவாகவே நின்றுவிடவில்லை. வீட்டு முயல்களில் பல சமயம் அது முழுக் கேன்சராக மாறியது. பாலூட்டியில் வைரஸால் கேன்சர் வராதா என்று 20 வருஷத்துக்கு முன்னால் அவர் தேடித் தோற்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைத்தது. (கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான ஹெச்.பி.வி இந்த முயல் வைரஸின் சொந்தக்காரன்தான்.)

இதோடு இன்னொரு சோதனை. முயலின் காதில் தாரைப் பூசிக்கொண்டே இருந்தால் மருக்கள் வரும். பூசுவதை நிறுத்தினால் பல மருக்கள் மறைந்துவிடும். காது பார்க்கச் சாதாரணமாக இருக்கும். மாதங்கள் கழித்து அதே இடத்தில் ஒரு காயம் போட்டாலோ டர்பன்டைன் தடவினாலோ மறுபடி கட்டி முளைக்கும். காயமும் டர்பன்டைனும் தாமாகக் கட்டியை உண்டாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே மாறிப்போன செல்களைத் தட்டி எழுப்பின.

ஆக, கேன்சர் ஒரே அடியில் வருவதில்லை. முதலில் ஏதோ ஒன்று செல்லை மாற்றி வைக்கிறது. பிறகு வேறொன்று அதை வளர்த்துவிடுகிறது. 1944-ல் ஃப்ரீடவால்டுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ரௌஸ் முதல் கட்டத்துக்கு இனிஷியேஷன், அடுத்ததற்கு ப்ரமோஷன் என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார். இந்தப் பெயர்களைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

நோபல்: 40 வருஷ வெயிட்டிங் லிஸ்ட்

நோபலுக்கு ரௌஸின் பெயர் முதலில் பரிந்துரைக்கப்பட்டது 1926-ல். அந்த வருஷத்துப் பரிசு கேன்சருக்குத்தான் போனது, ஆனால் வேறொருவருக்கு. எலிகளின் வயிற்றில் புழுவால் கேன்சர் வருகிறது என்ற டென்மார்க்கின் ஃபிபிகருக்கு. அந்த முடிவு தவறு என்று பின்னால் தெரிந்தது. கேன்சர் ஆய்வு என்றாலே நோபல் குழு அதன்பின் தயங்கியதற்கு இந்தச் சூடுதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. உண்மையிலேயே கேன்சருக்கு அடுத்த மருத்துவ நோபல் 1966-ல்தான் வந்தது. புராஸ்டேட் புற்றுக்கு ஹார்மோன் சிகிச்சையைக் கொண்டுவந்த சார்லஸ் ஹக்கின்ஸும் ரௌஸும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். இதற்கிடையில் ரௌஸின் மருமகன் ஆலன் ஹாட்ஜ்கினே 1963-ல் நோபல் வாங்கிவிட்டிருந்தார். மாமனாருக்கு மூன்று வருஷம் முன்னால்!

ரௌஸ் பக்கம் காற்று திரும்பியதற்குக் காரணங்கள் இருந்தன. 1951-ல் லுட்விக் கிராஸ், எலிகளுக்கு ரத்தப் புற்றை உண்டாக்கும் வைரஸைக் கண்டுபிடித்தார். 1958-ல் ஹாரி ரூபினும் ஹோவர்ட் டெமினும் ரௌஸ் வைரஸை வைத்துக் கண்ணாடித் தட்டிலேயே கோழி செல்களைக் கேன்சர் செல்களாக்கி எண்ணிக் காட்டினார்கள். கோழியே தேவையில்லை, சில நாளில் ரிசல்ட்.

ஏன் மறுத்தார்?

மரபணுப் பிறழ்வுதான் காரணம் என்ற கருத்து ரௌஸுக்குத் தெரியாததல்ல. 1914-லேயே ஜெர்மனியின் தியோடர் போவரி, குரோமோசோம் கோளாறுதான் கேன்சர் என்று புத்தகம் எழுதிவிட்டார். எக்ஸ்ரே பட்டால் மரபணு மாறும் என்று 1927-ல் முல்லர் காட்டினார். ரத்தப் புற்று நோயாளிகளிடம் வழக்கத்துக்கு மாறான ஒரு குட்டிக் குரோமோசோம் 1960-ல் பிலடெல்பியாவில் சிக்கியது.

இத்தனைக்கும் பிறகும் ரௌஸ் மசியவில்லை. அவருக்கு இருந்த கோபம் ஒருவகையில் நியாயமானது. மரபணு தானாக மாறிவிட்டது என்று சொல்லிவிட்டால், அதோடு ஆராய்ச்சி முடிந்துபோகிறது. நம்புகிறவர்களைத் தூங்கவைக்கும் மாத்திரை அது என்ற தொனியில் எழுதினார். கேன்சரை உண்டாக்கும் பல ரசாயனங்கள் அன்றைய சோதனைகளில் மரபணுவை மாற்றுவதாகவும் தெரியவில்லை. முயல் காதில் அவர் பார்த்ததோ, வந்துவிட்டு மறையும் கட்டி. நிரந்தரமான பிழை என்றால் கட்டி எப்படி மறையும்?

அந்த ரசாயன வாதம் 1973-ல் உடைந்தது. ப்ரூஸ் ஏம்ஸ், அந்த ரசாயனங்களைக் கல்லீரல் சாற்றோடு கலந்து பாக்டீரியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார். நம் உடம்பு அவற்றை வேறு பொருளாக மாற்றிய பிறகுதான் அவை டி.என்.ஏ-வைத் தாக்குகின்றன என்று தெரிந்தது. அதைப் பார்க்க ரௌஸ் இல்லை. 1970 பிப்ரவரி 16 அன்று நியூயார்க்கில், வயிற்றுப் பகுதியில் வந்த கேன்சரால் இறந்துபோனார்.

என்னை உறுத்துவது அவர் தவறாகச் சொன்னது அல்ல. ஃபில்டரில் ஓட்டை, கோழிக்கு மட்டும், கேன்சரே இல்லை என்று மற்றவர்கள் தட்டிக்கழித்ததால் 55 வருஷம் காத்திருந்த மனிதர், அடுத்தவர்களின் கருத்துக்கு அதே பாணியில் கதவைச் சாத்தினார். வாய்ப்பு குறைவு என்று சொல்லியிருக்கலாம். வாய்ப்பே இல்லை என்றார். அதிலும் 1911-ல் தன் சொந்தக் கண்டுபிடிப்பை வைரஸ் என்று சொல்லக்கூட யோசித்தவர் அவர்.

திருட்டு ஜீன்

ரௌஸ் இறந்த சில மாதங்களில் அவருடைய வைரஸ் அடுத்த குண்டைப் போட்டது. அதன் மரபணு ஆர்.என்.ஏ-வால் ஆனது. அது செல்லுக்குள் போனதும் டி.என்.ஏ-வாக மாறுகிறது என்று டெமின் பல வருஷமாகச் சொல்லிவந்தார், கிண்டலும் வாங்கிவந்தார். 1970-ல் அந்த வேலையைச் செய்யும் என்சைமை அவரும், தனியாக டேவிட் பால்டிமோரும் கண்டுபிடித்தார்கள். (ஊர்ப்பெயர் இல்லை, ஆள் பெயர்தான்.) 1975-ல் நோபல்.

அதே காலத்தில் ரௌஸ் வைரஸில் இன்னொரு விசித்திரமும் தெரிந்தது. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள மூன்று மரபணுக்கள் போதும். ஆனால் நான்காவதாக ஒன்று இருந்தது. அது இல்லாவிட்டாலும் வைரஸ் நன்றாகப் பெருகும். கேன்சர் மட்டும் வராது. சார்கோமாவைச் சுருக்கி அதற்கு சார்க் என்று பெயர் வைத்தார்கள்.

வைரஸுக்கே தேவைப்படாத ஜீன் அதனிடம் எப்படி வந்தது? சான் ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் பிஷப், ஹெரால்ட் வார்மஸ் இருவரின் ஆய்வகம் இதைத் தேடியது. டொமினிக் ஸ்டெலான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் சார்க்கை மட்டும் அடையாளம் காட்டும் டி.என்.ஏ துண்டு ஒன்றைத் தயாரித்தார். அதை வைத்து எந்த வைரஸும் தொற்றாத கோழியின் டி.என்.ஏ-வில் தேடினார்கள். இருந்தது. காடை, வான்கோழி, வாத்து, ஈமு எல்லாவற்றிலும் இருந்தது. 1976-ல் கட்டுரை வந்தது. சீக்கிரமே மனிதர்களிடமும் இருப்பது உறுதியானது.

அதாவது, கேன்சர் ஜீனை வைரஸ் கொண்டுவரவில்லை. எப்போதோ ஒரு கோழியின் செல்லிலிருந்து திருடிக்கொண்டு போயிருக்கிறது. நம் செல்களில் சார்க் செய்வது நல்ல வேலைதான்: வளர் என்று சிக்னல் கொடுப்பது. அதன் புரதத்தின் வால்பகுதி பிரேக் மாதிரி. வேலை முடிந்ததும் மடங்கி அதை அணைத்துவிடும். வைரஸிடம் இருக்கும் பதிப்பில் அந்த வால் இல்லை. பிரேக் ஒயரை வெட்டிவிட்ட வண்டி.

பிரேக் ஒயரை வெட்ட வைரஸ்தான் வர வேண்டுமா? சிகரெட் புகையோ, வெயிலோ, செல் பிரியும்போது நடக்கும் காப்பிப் பிழையோ போதாதா? போதும் என்று 1982-ல் தெரிந்தது. மனிதச் சிறுநீர்ப்பைப் புற்று செல்களில் ராஸ் என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. ஜி இருக்க வேண்டிய இடத்தில் டி. எந்த வைரஸும் அங்கே இல்லை.

1989-ல் பிஷப்புக்கும் வார்மஸுக்கும் நோபல் கிடைத்தது. ஸ்டெலானுக்கு இல்லை. அவர் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார், பலன் இல்லை.

அப்போ, ரௌஸ் முழுக்கத் தப்பா?

இல்லை. இது சமீபத்தில்தான் சுவாரஸ்யமாகியிருக்கிறது. ஆரோக்கியமான மனிதர்களின் தோலையும் உணவுக்குழாயையும் நுணுக்கமாக ஆராய்ந்தபோது, கேன்சர் பிறழ்வுகள் உள்ள செல்கள் அங்கே ஏராளமாக இருப்பது தெரிந்தது. கட்டி எதுவும் இல்லை. ஆக, பிறழ்வு மட்டும் இருந்தால் போதாது. ஏதோ ஒன்று அவற்றைத் தட்டி எழுப்ப வேண்டும். முயல் காதில் ரௌஸ் பார்த்ததும் இதைத்தானே?

2023-ல் லண்டனின் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் சார்லஸ் ஸ்வான்டன் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. சிகரெட்டே தொடாதவர்களுக்கு நுரையீரல் புற்று ஏன் வருகிறது என்பது கேள்வி. காற்றிலுள்ள பி.எம் 2.5 தூசி நுரையீரலில் வீக்கத்தை உண்டாக்குகிறது, ஈ.ஜி.எஃப்.ஆர் பிறழ்வோடு சும்மா கிடந்த செல்களை அந்த வீக்கம் வளரச் செய்கிறது என்று காட்டினார்கள். வீக்கத்துக்கான ஒரு சிக்னலை எலிகளில் மருந்தால் தடுத்தபோது கட்டிகள் குறைந்தன. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு சொல் இருக்கிறது: ப்ரமோஷன்.